வீட்டு இன்குபேட்டரில் நாட்டுக்கோழி முட்டை பொரிக்க: மெஷின் தயாரிப்பு முதல் குஞ்சு இறங்கும் வரை

இன்குபேட்டரில் முட்டை சரியாகப் பொரிக்கவில்லை என்றால் பழி சேவலின் மேலோ முட்டை கொடுத்தவர் மேலோ விழும். பெரும்பாலும் காரணம் வேறு. தவறாகக் காட்டும் வெப்பமானி, தேவைக்கு மேல் ஊற்றிய தண்ணீர், மெஷினில் ஏறும் முன்பே வெயிலில் பாதி கெட்டுப்போன முட்டை. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் இந்த மூன்றையும் சரிசெய்தாலே, கரு பிடித்த நூறு முட்டையில் 75 முதல் 80 குஞ்சு வரை இறங்கும். வீட்டு மெஷினுக்கு அது நல்ல கணக்கு.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். சிறுவிடை, பெருவிடை, அசீல், கடக்நாத் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். வாத்துக்கு 28, காடைக்கு 17–18 நாள் என்பதால் ஒரே மெஷினில் கலந்து வைக்க வேண்டாம்.

மெஷின்

கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறி இருக்க வேண்டும். விசிறி இருந்தால் பெட்டி முழுவதும் 37.5 முதல் 37.7 டிகிரி செல்சியஸ் வரை ஒரே சீராக நிற்கும். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். இதை மாற்றிக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. விசிறி உள்ள பெட்டியில் 38.5 வைத்தால் குஞ்சு முன்கூட்டியே, தொப்புள் மூடாமல் வெளியே வரும்.

முப்பது முட்டைக்குச் சொந்தமாகச் செய்ய, மீன் கொண்டுபோகும் தடித்த தெர்மோகோல் பெட்டி ஒன்று போதும். 40 வாட் குண்டு பல்பு இரண்டு, 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி, அதற்கு ஒரு அடாப்டர், வெப்பத்தைப் பார்த்துப் பல்பை எரியவும் அணையவும் வைக்கும் டிஜிட்டல் தெர்மோஸ்டாட், மூடியில் பதிக்க ஒரு கண்ணாடித் துண்டு. எல்.இ.டி. பல்பு சூடு தராது, பழைய இழை பல்புதான் வேண்டும். ஒன்று ஃபியூஸ் ஆனாலும் மற்றது எரிந்துகொண்டிருக்கும் என்பதால்தான் இரண்டு. பல்புக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே குறைந்தது ஒரு கை அகலம் இடைவெளி விட்டு, பல்பைச் சுற்றி ஒரு தகர மறைப்பு வையுங்கள். தெர்மோகோல் சட்டென்று தீப்பிடிக்கும். மறைப்பு இருந்தால் பக்கத்து முட்டையின் மேல் நேரடிச் சூடும் படாது. பெட்டியின் அடியில் நான்கு, மேல்பக்கம் நான்கு என ஒரு சென்டிமீட்டர் துளைகள் போடுங்கள். ஓட்டின் நுண்துளை வழியாகக் கரு மூச்சு வாங்குகிறது, அதற்குப் புதுக் காற்று வேண்டும். தண்ணீர்த் தட்டும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஹோல்டர், ஒயர் இணைப்பு எல்லாம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

தெர்மோஸ்டாட்டின் சென்சார், முட்டையின் உயரத்தில், பல்பு நேராகப் பார்க்காத இடத்தில் தொங்க வேண்டும். டபிள்யூ1209 என்ற மலிவான சின்ன போர்டைப் பலரும் வாங்குகிறார்கள். வாங்கியதும் முதல் வேலை, அதில் 'பி1' அமைப்பை, அதாவது பல்பு அணைந்தபின் எத்தனை டிகிரி இறங்கினால் மறுபடி எரியும் என்பதை, மாற்றுவது. அது 2 டிகிரியில் வரும். அப்படியே விட்டால் 37.6-க்கும் 35.6-க்கும் இடையே வெப்பம் ஊசலாடும். அதை 0.2 அல்லது 0.3-க்குக் கொண்டுவாருங்கள். 'பி0' சூடாக்கும் முறையில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு ஏற்பாட்டைச் செலவு பார்க்காமல் செய்யுங்கள். இந்த போர்டுகளில் ரிலே (பல்பை எரியவும் அணையவும் வைக்கும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு, பல்பு அணையாமலே எரிவது உண்டு. ராத்திரியில் அது நடந்தால் காலையில் எல்லா முட்டையும் அவிந்திருக்கும். 38.5-ல் அணையும்படி இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை, பல்புக்குப் போகும் அதே ஒயரில் தொடராக இணைத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

வெப்பமானியைச் சோதிப்பது

மெஷினின் திரை காட்டும் எண்ணை நம்பி முட்டை வைக்காதீர்கள். ஒரு டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ காட்டும் சென்சார் சாதாரணம். சோதிக்க வீட்டில் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நமக்கு வேண்டிய 37–38 டிகிரியில் அது துல்லியமாகக் காட்டும். ஒரு டம்ளரில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, தெர்மாமீட்டர் முனையையும் தெர்மோஸ்டாட் சென்சாரையும் ஒன்றாகப் பிடித்து முக்கி, மெதுவாகக் கலக்குங்கள். பீப் சத்தம் வந்ததும் இரண்டு எண்ணையும் ஒப்பிடுங்கள். சென்சார் 38.2 காட்டி, தெர்மாமீட்டர் 37.5 காட்டினால், சென்சார் 0.7 கூடுதலாகச் சொல்கிறது. டபிள்யூ1209-ல் 'பி4' வழியாக அதைத் திருத்தலாம். திருத்த வசதி இல்லாத மெஷினில் அந்த வித்தியாசத்தை எழுதி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

ஈரப்பதமானிக்கு உப்புச் சோதனை. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு பதத்துக்கு நனையும் அளவு மட்டும் சில சொட்டு தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத ஜிப் கவரில் சேர்த்து மூடி, ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அது 7 குறைத்துச் சொல்கிறது.

இரண்டும் முடிந்த பிறகு, முட்டை இல்லாமல் ஒரு முழு நாள் மெஷினை ஓட்டிப் பாருங்கள். பகல், இரவு இரண்டிலும் வெப்பம் 37.5–37.7-ல் நின்றால் தயார்.

முட்டை

எட்டு முதல் பத்து பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கும் பட்டியிலிருந்து முட்டை எடுங்கள். புதிதாகச் சேவல் விட்டால் ஒரு வாரம் கழித்து வரும் முட்டையிலிருந்து சேர்ப்பது நல்லது. அளவில் நடுத்தரம், 40–50 கிராம். மிகப் பெரியது இரட்டைக் கருவாக இருக்கலாம். உருண்டையானது, நீண்டு வளைந்தது, ஓடு சொரசொரப்பானது, மயிரிழை விரிசல் விட்டது எல்லாம் குழம்புக்கு. முதன்முதலாக முட்டை வைக்க ஆரம்பித்த விடலைக் கோழியின் சிறு முட்டைகளையும் விட்டுவிடலாம்.

கழுவவே கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு, கிருமி உள்ளே போகாமல் தடுக்கிறது. தண்ணீர் பட்டால் அது போய், அழுக்கு துளைவழி உள்ளே இறங்கும். காய்ந்த எச்சம் கொஞ்சமாக ஒட்டியிருந்தால் நயமான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எடுங்கள். பாதி ஓடு அழுக்கான முட்டையை ஒதுக்கிவிடுங்கள். மெஷினுக்குள் ஒரே ஒரு முட்டை அழுகி வெடித்தாலும் மற்றவையும் கெடும்.

இனி, பலர் கவனிக்காமல் விடும் இடம். முட்டைக்குள் இருக்கும் கரு, சுமார் 20–21 டிகிரிக்கு மேல் போனால் மெதுவாக வளரத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறையே 33, 34 டிகிரி. அந்தச் சூட்டில் அரைகுறையாக வளர்ந்து, ராத்திரியில் தடுமாறி, நான்கைந்து நாளில் கரு உயிரிழக்கிறது. மெஷினில் வைத்த ஏழாம் நாள் வெளிச்சத்தில் பார்த்தால், கரு செத்ததைக் காட்டும் ரத்த வளையம். அந்த முட்டை மெஷினுக்குப் போகும் முன்பே போய்விட்டது.

சேமிக்க ஏற்ற வெப்பம் 15–18 டிகிரி. அதில் ஏழு நாள் வரை வைக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் ஒரு மண்பானையை ஈர மணலில் கழுத்துவரை பதித்து, நிழலில் வைத்து, உள்ளே வைக்கோல் பரப்பி முட்டையை வைத்து, வாயை மெல்லிய துணியால் மூடுங்கள். மணலைக் காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் அறையைவிடச் சில டிகிரி குறைவாக இருக்கும். அப்படி வைத்தாலும் கோடையில் மூன்று, நான்கு நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். பத்து முட்டைதான் சேர்ந்தது என்றால் பத்தையே வையுங்கள். ஃபிரிட்ஜின் உள்தட்டு 4 டிகிரிக்குப் பக்கம், அது கருவுக்கு ஆகாது. எங்கே வைத்தாலும் கூர்முனை கீழே, அகன்ற பக்கம் மேலே.

வெளியூரிலிருந்து பஸ்ஸில், பார்சலில் வந்த முட்டையை வந்ததும் மெஷினில் ஏற்ற வேண்டாம். முட்டையின் அகன்ற பக்கத்தில் உள்ள காற்றறை குலுங்கியிருக்கும், அது நிலைகொள்ள, கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள்.

மெஷினில் ஏற்றுவது

குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த முட்டையை நான்கைந்து மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஓட்டின் மேல் வியர்த்து ஈரம் கோக்கும். எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பேனா, மார்க்கர் வேண்டாம்.

நாள் கணக்கில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். வைத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் முடிந்தால்தான் ஒரு நாள். வியாழன் மாலை 6 மணிக்கு வைத்தால் வெள்ளி மாலை 6-க்கு ஒரு நாள். மூன்று வாரம் கழித்து அதே வியாழன் மாலை 21 நாள் நிறையும். 18 நாள் முடிவது அதற்கு முந்தைய திங்கள் மாலை.

முட்டை ஏற்றியதும் வெப்பம் இறங்கும், மறுபடி நிலைக்கு வரச் சில மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் தெர்மோஸ்டாட்டைத் தொட்டு ஏற்றி இறக்காதீர்கள்.

ஈரப்பதம்

முதல் 18 நாள் 45–55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65–75. எண் எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'தட்டில் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்' என்று சொல்லிக்கொடுப்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரமும் உள்ள காற்று, மெஷினுக்குள் 37.5 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 49 சதவீதமாக நிற்கும். அதாவது தண்ணீர் வைக்காமலே அளவு சரி. அதற்கு மேல் தட்டை நிரப்பினால் 65, 70 ஆகிவிடும். முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறாது, காற்றறை சிறுத்துவிடும், 20-ஆம் நாள் குஞ்சு மூச்சு விட இடமில்லாமல் நீரிலேயே மூழ்கிச் சாகும். முழுசாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகளில் இப்படிப் போனவை ஏராளம். அதே மாசியில் தர்மபுரி, கரூர்ப் பக்கம் 30 டிகிரி, 40 சதவீத ஈரம் என்றால் மெஷினுக்குள் 26 சதவீதம்தான். அங்கே தண்ணீர் அவசியம்.

ஈரப்பதத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம் அல்ல, பரப்பு. கூட்ட வேண்டுமென்றால் அகலமான தட்டு வையுங்கள், அல்லது தட்டில் ஒரு ஸ்பாஞ்சை நிறுத்துங்கள். குறைக்க வேண்டுமென்றால் சிறு கிண்ணத்துக்கு மாறுங்கள்.

இதைவிட நம்பகமான வழி தராசு. வைத்த நாள் முதல் 18-ஆம் நாள் வரை முட்டை தன் எடையில் 12 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் பத்து முட்டையை ஒன்றாக வைத்து எடை போடுங்கள். 450 கிராம் என்றால் 6-ஆம் நாள் சுமார் 432, 12-ஆம் நாள் 414, 18-ஆம் நாள் 396-க்கும் 391-க்கும் இடையே. 6-ஆம் நாளே 425-க்கு இறங்கிவிட்டால் உள்ளே காய்கிறது, தண்ணீர் கூட்டுங்கள். 440-லேயே நின்றால் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள். ஈரப்பதமானி என்ன சொன்னாலும் எடை சொல்வதை நம்புங்கள்.

திருப்பி விடுவது

கரு ஒரே பக்கம் கிடந்தால் ஓட்டின் உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். கையால் என்றால் ஒரு நாளில் மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையில் திருப்பினால், நீண்ட இரவு நேரத்தில் ஒரு நாள் பெருக்கல் குறி மேலே, மறுநாள் வட்டம் மேலே என மாறி வரும். ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே போகாமல் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாற்றுங்கள். தானியங்கித் தட்டு என்றால் இரு பக்கமும் 45 டிகிரி சாய்கிறதா, மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்று தினமும் ஒரு முறை பாருங்கள். முதல் வாரம் திருப்பத் தவறினால் பாதிப்பு அதிகம்.

வெளிச்சத்தில் பார்ப்பது

7-ஆம் நாள் ராத்திரி, அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சின் மேல் அட்டையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு துளை போட்டு, முட்டையின் அகன்ற பக்கத்தை அதன் மேல் வையுங்கள். நல்ல முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து சிலந்திக் கால்கள் போல் நாலாபுறமும் ஓடும் சிவப்பு நரம்புகள். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளி லேசாக அசையும். ஒன்றுமே இல்லாமல் மஞ்சளாகத் தெளிந்திருந்தால் கரு பிடிக்காதது. நரம்புகள் இல்லாமல் சிவப்பு வளையம் மட்டும் ஓடினால் கரு செத்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். பழுப்பு ஓடு தடித்திருந்து சந்தேகம் வந்தால் குறி போட்டு, 10-ஆம் நாள் மறுபடி பாருங்கள்.

14-ஆம் நாள் இன்னொரு முறை. அப்போது முட்டையின் பெரும்பகுதி இருண்டு, காற்றறையின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கும். உள்ளே கலங்கிய நீர் ததும்பினாலோ நாற்றம் வந்தாலோ கூமுட்டைதான், மெதுவாக எடுத்து வெளியே புதையுங்கள். தினமும் எடுத்து எடுத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

மின்வெட்டும் கோடையும்

கரு குளிரைப் பொறுக்கும், சூட்டைப் பொறுக்காது. ஒன்றிரண்டு மணி நேரம் கரண்ட் போனால் பெரிய நஷ்டம் இல்லை, பொரிப்பது சில மணி நேரம் தள்ளும், அவ்வளவுதான். மூடியைத் திறக்காமல், காற்றுத் துளையை அடைக்காமல் மேலே ஒரு போர்வை போடுங்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, முட்டையில் படாமல் உள்ளே வையுங்கள். ஆனால் 15 நாள் தாண்டிய முட்டைகள் தாமாகவே சூடு வெளியிடும். நிறைய முட்டை இருந்து விசிறியும் நின்றுவிட்டால் உள்ளே வெப்பம் ஏறலாம். அப்போது போர்வை வேண்டாம், மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள்.

மறுபுறம், 40 டிகிரியைத் தாண்டிய வெப்பம் சில மணி நேரம் நீடித்தால் கரு கூட்டம் கூட்டமாகச் சாகும். இன்குபேட்டருக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை 40-ஐத் தொட்டால் பல்பு அணைந்திருந்தும் முட்டை வேகும். மெஷினை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையில், ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள். அப்படி ஓர் அறை இல்லையென்றால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் வரை மெஷினை ஓட்டாமல், அடைக்கோழியிடம் விடுவதே நல்ல முடிவு.

18-ஆம் நாளுக்குப் பிறகு

18 நாள் முடிந்ததும் திருப்புவதை நிறுத்துங்கள். தட்டிலிருந்து எடுத்து, வலைத்துணியோ சொரசொரப்பான துணியோ விரித்த தளத்தில் முட்டைகளைப் படுக்க வையுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக்கில் இறங்கும் குஞ்சுக்குக் கால் அகன்றுவிடும். தண்ணீர்ப் பரப்பைக் கூட்டி ஈரப்பதத்தை 65–75-க்குக் கொண்டுவாருங்கள், காற்றுத் துளைகளை முழுவதும் திறந்துவிடுங்கள். பிறகு மூடியை மூடுங்கள்.

20-ஆம் நாள் வாக்கில் குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சு விடும். மூடியைத் திறக்காமல் பெட்டியருகே காதை வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்கும். பிறகு ஓட்டில் ஒரு கொத்து விழும். அதிலிருந்து ஓட்டைச் சுற்றிலும் உடைத்து வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். நடுவே பல மணி நேரம் அசையாமல் கிடக்கும். அது களைப்பு அல்ல. மிச்ச மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும், சவ்வு நரம்புகளில் ஓடும் ரத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதற்கு அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு சாகும். ஒன்றைப் பார்க்க மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று போய், கொத்து விழுந்த மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். கொத்து விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் அசைவே இல்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரப்படுத்தி, ரத்தம் தெரியாத இடத்தில் கொஞ்சம் ஓட்டை அகற்றலாம்.

இறங்கிய குஞ்சு, மயிர் காய்ந்து பஞ்சாகும் வரை உள்ளேயே இருக்கட்டும். வயிற்றில் உள்ள மஞ்சள் கரு இரண்டு நாளுக்குத் தாங்கும், பசிக்கும் என்ற கவலை வேண்டாம்.

முதல் வாரம்

குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடரில் முதல் வாரம் 33–35 டிகிரி, பிறகு வாரம் 2–3 டிகிரி குறையுங்கள். குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம், பரவலாகத் திரிந்தால் சரி. முதலில் தண்ணீர், ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை தொட்டுக் காட்டுங்கள். கொஞ்சம் கருப்பட்டி கரைத்துக் கொடுக்கலாம். சில மணி நேரம் கழித்து குஞ்சுத் தீவனமோ உடைத்த மக்காச்சோளமோ. 5–7 நாளில் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து, கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு. மருந்து நூறு டோஸ் குப்பியாக வரும், கலக்கியபின் சேமிக்க முடியாது. பக்கத்து வீட்டுக் குஞ்சுகளுக்கும் சேர்த்து ஒரே நாளில் போடுங்கள். அடுத்த தடுப்பூசிகளின் நாள்களைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்ப்பது

22-ஆம் நாள் முடிந்தும் கொத்து விழாதவற்றைத் தூக்கி எறியாமல், வெளியே கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடையுங்கள். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

7-ஆம் நாளிலேயே தெளிவாக இருந்தவை அதிகம் என்றால் சேவலைப் பாருங்கள். ரத்த வளையம் அதிகம் என்றால் முட்டைச் சேமிப்பு. 8 முதல் 14 நாளுக்குள் செத்தவை பல என்றால் தாய்க்கோழியின் தீவனத்தில் வைட்டமின் குறை. முருங்கைக் கீரை, அசோலா (தண்ணீரில் வளரும் தீவனச் செடி), கருவாட்டுத் தூள் சேருங்கள். முழுசாக வளர்ந்து, உடல் உப்பி, ஓட்டுக்குள் நீர் தேங்கிக் கிடந்தால் ஈரப்பதம் கூடிவிட்டது. சவ்வோடு ஒட்டிக் காய்ந்திருந்தால் கடைசி மூன்று நாள் ஈரம் போதவில்லை, அல்லது மூடி அடிக்கடி திறந்தது. தலை கூர்முனைப் பக்கம் இருந்தால் முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். குஞ்சுகள் 19-ஆம் நாளே தொப்புள் ஈரத்தோடு இறங்கினால் வெப்பத்தை 0.3 குறையுங்கள். 22, 23 நாள் வரை இழுத்து, வயிறு பெருத்து வந்தால் அதே அளவு கூட்டுங்கள். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பிறகு மெஷினைக் கழற்றி, ஓட்டுத் துண்டு, மயிர்த்தூள் எல்லாவற்றையும் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலால் ஒரு முறை துடைத்து, முழு நாள் வெயிலில் காயவையுங்கள். விசிறி இறக்கையில் ஒட்டிய மயிரைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தனியாக எடுங்கள், அதை விட்டால் அடுத்த ஓட்டத்தில் காற்றுச் சுழற்சி குறையும்.